பைக் ஏர் ஃபில்டர்: எப்போது கழுவுவது, எப்போது மாற்றுவது, எப்போது தொடாமல் விடுவது

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் 100 சிசி வண்டி 15,000 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் 22 லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை இழுத்திருக்கும். அத்தனையும் சைடு பேனலுக்குப் பின்னால் இருக்கும் உள்ளங்கை அகல ஃபில்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது.

அந்தக் காற்றோடு வரும் தூசிதான் பிரச்சினை. சாலைத் தூசியில் கலந்திருக்கும் மணல் துகள் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியும் பெரிய துகளைவிட 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள பொடிதான் அதிகம் கெடுக்கும். பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலத்தின் கனமும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்பதால், இந்தப் பொடி அந்த இடைவெளிக்குள் நுழைந்து இரண்டு பக்கமும் உரசும். பிறகு ஆயிலில் கலந்து இன்ஜின் முழுக்கச் சுற்றும். ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் குறையும், ஆயில் எரியும், சைலன்சரில் நீலப் புகை வரும். அதற்கப்புறம் சிலிண்டர் போர், பிஸ்டன், ரிங் என்று செலவு ஆயிரங்களில் போகும்.

பலரும் ஏர் ஃபில்டரை மைலேஜ் சமாச்சாரமாகவே பார்க்கிறார்கள். அதன் முதல் வேலை தூசியைத் தடுப்பது. சற்று அழுக்கான ஃபில்டரால் இன்ஜின் கெடாது. கிழிந்த ஃபில்டராலும், சரியாக உட்காராத ஃபில்டராலும் கெடும். பேப்பர் ஃபில்டரில் இன்னொரு விஷயமும் உண்டு: மேலே லேசாகப் படிந்த தூசிப் படலமே அடுத்து வரும் பொடியைப் பிடிக்க உதவுகிறது. அதனால் வாரம் ஒரு முறை கழற்றி ஏர் அடிப்பது நல்ல பழக்கம் இல்லை. கழற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் விளிம்பு நகரலாம், ஃபில்டர் இருக்கும் பெட்டிக்குள் (ஏர் பாக்ஸ்) தூசி விழலாம், பேப்பர் விரியலாம்.

அடைபட்டால் இன்ஜினுக்கு என்ன ஆகிறது

கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைபட்டால் காற்று குறையும், அதற்குப் பின்னால் உறிஞ்சும் விசை கூடும். அந்த விசை ஜெட் என்னும் சிறு துளையிலிருந்து பெட்ரோலைக் கூடுதலாக இழுக்கும். காற்றின் விகிதம் குறைந்து பெட்ரோலின் விகிதம் கூடுவதால் கலவை 'ரிச்' ஆகும். சோக்கைப் பாதி போட்டுக்கொண்டு ஓட்டுவது போன்ற நிலை இது. பிளக்கில் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும், அடைப்பு முற்றினால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போது கறுப்புப் புகை தெரியும்.

ஐடிலிங்கில் இன்ஜினுக்குத் தேவைப்படும் காற்று மிகக் குறைவு. அதனால் பாதி அடைபட்ட ஃபில்டரோடும் வண்டி முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகும், சீராக ஓடும். தேவை கூடும் இடத்தில்தான் குறை வெளிப்படும்: டாப் கியரில், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, மேம்பாலம் ஏறும்போது முறுக்கினாலும் வேகம் கூடாமல் காற்றை உறிஞ்சும் இரைச்சல் மட்டும் கூடும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் அமலான பிஎஸ்6 விதிகளுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். இவற்றில் காற்றழுத்தத்தை ஒரு சென்சாரும், புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை இன்னொரு சென்சாரும் அளந்து சொல்ல, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அதனால் மைலேஜ் பெரிதாக விழாது, ஆனால் பவர் விழும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் கார்களில் சோதித்தபோதும் இதுதான் தெரிந்தது. இன்ஜெக்‌ஷன் கார்களில் அடைபட்ட ஃபில்டர் எரிபொருள் செலவைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. வேகம் எடுக்கும் திறனைத்தான் குறைத்தது. பைக்கிலும் இயக்கம் இதேதான். ஆகவே புதிய வண்டி வைத்திருப்பவர்கள் "மைலேஜ் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபில்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது" என்று முடிவு கட்டக்கூடாது.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை

பராமரிப்பு முழுக்க இதைப் பொறுத்தது. வகை தெரியாமல் கை வைத்தால் நல்ல ஃபில்டரே கெட்டுப்போகும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் பழைய கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றிலும் ஆஃப்ரோடு வண்டிகளிலும் இருக்கும். தொட்டால் ஆயில் பிசுக்கு ஒட்டும். கழுவி, ஆயில் தடவி, மறுபடி பயன்படுத்தலாம்.

காய்ந்த பேப்பர் ஃபில்டர், மடிப்பு மடிப்பாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். லேசாக ஏர் அடிக்கலாம், ஆனால் கழுவக்கூடாது.

மூன்றாவது வகை ஆயில் ஊட்டிய பேப்பர் ஃபில்டர். கையேட்டில் 'விஸ்கஸ்' என்று போட்டிருக்கும். ஹோண்டா, ஹீரோ மாடல்கள் பலவற்றில் இதுதான். பார்க்க பேப்பர் ஃபில்டர் போலவே இருக்கும், ஆனால் விரலில் மெல்லிய பிசுக்கு ஒட்டும். தூசியை அந்த ஆயில்தான் பிடித்து வைக்கிறது. இதற்கு ஏர் அடிக்கக்கூடாது, கழுவக்கூடாது, தட்டவும் கூடாது. ஏர் அடித்தால் ஆயில் தெறித்துப் போய், பொடித் தூசி நேராக இன்ஜினுக்குப் போகும். ஓடிய ஃபில்டர் கறுத்துத்தான் இருக்கும். அந்த நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கையேடு சொல்லும் கிலோமீட்டரில், பெரும்பாலும் 15,000 அல்லது 16,000-இல், தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போட வேண்டியதுதான். சர்வீஸ் விடும்போது "ஃபில்டருக்கு ஏர் அடித்துவிட்டோம்" என்று சொன்னால், உங்களுடையது எந்த வகை என்று தெரிந்து வைத்திருப்பது உதவும்.

நான்காவது, கடையில் வாங்கி மாட்டும் காட்டன் ஃபில்டர். இதற்கென்று விற்கும் கிளீனரில் கழுவி, நிழலில் முழுதாகக் காயவிட்டு, அதற்குரிய ஆயிலை மடிப்பின் மேல் மெல்லிய கோடாக விட வேண்டும். ஆயில் அதிகமானால் அது உறிஞ்சப்பட்டு சென்சாரில் படியும்.

கழற்றுவது

தேவையானவை: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், வண்டியைப் பொறுத்து 8 அல்லது 10 மி.மீ. ஸ்பேனர், நூல் பிரியாத இரண்டு வெள்ளைத் துணி, ஒரு டார்ச், கொஞ்சம் கிரீஸ். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் முனை தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஏர் பாக்ஸ் ஸ்க்ரூவின் தலை வழுக்கிவிட்டால் ஐந்து நிமிட வேலை அரை நாள் இழுக்கும்.

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். சைடு பேனலைக் கழற்றியதும் மூடியைத் திறந்துவிடாமல், மூடியைச் சுற்றியுள்ள மண்ணை ஈரத்துணியால் துடையுங்கள். இதை விட்டால் திறக்கும்போது அந்த மண் நேராக உள்ளே விழும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலைகளாகத் தளர்த்துங்கள். நீளம் வேறு வேறாக இருந்தால் எது எங்கிருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரின் எந்த முகம் வெளியே பார்த்தது என்பதும் அந்தப் படத்தில் தெரியட்டும்.

ஃபில்டரை அசைத்து அசைத்து வெளியே இழுங்கள். வெளியே வந்த கணமே, கார்புரேட்டருக்கோ, இன்ஜெக்‌ஷன் வண்டியில் அதன் இடத்தில் இருக்கும் திராட்டில் பாடிக்கோ போகும் துவாரத்தைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகுதான் பெட்டியைத் துடைக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டிய ஒரு சோதனை, ஃபில்டரைப் பார்ப்பதைவிட முக்கியமானது. பெட்டியில் இரண்டு பகுதி உண்டு: வெளிக்காற்று வரும் அழுக்குப் பக்கம், வடிகட்டிய காற்று இன்ஜினுக்குப் போகும் சுத்தப் பக்கம். சுத்தப் பக்கத்தின் சுவரையும் ரப்பர் குழாயின் வாயையும் வெள்ளைத் துணி சுற்றிய விரலால் ஒரு இழு இழுங்கள். லேசான ஆயில் ஈரம் ஒட்டினால் பரவாயில்லை, அது இன்ஜினுக்குள் சேரும் ஆவியை ஏர் பாக்ஸுக்கு விடும் பிரீதர் குழாய் வழியாக வருவது. செம்மண் நிறத்தில் பொடி ஒட்டினால், விரல்களுக்கு நடுவே உரசும்போது நறநறவென்று இருந்தால், ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு தூசி உள்ளே போகிறது. புதிய ஃபில்டர் போட்டால் மட்டும் இது தீராது. ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பார்க்க வேண்டிய இடங்கள் சிலதான். ஃபில்டரின் ரப்பர் விளிம்பு கெட்டியாகியோ ஒரு பக்கம் நசுங்கியோ இருக்கிறதா, மூடியின் ஸ்க்ரூ ஒன்று காணாமல் போயிருக்கிறதா, மூடி நெளிந்திருக்கிறதா, பெட்டியையும் கார்புரேட்டரையும் இணைக்கும் ரப்பர் குழாயில் விரிசல் இருக்கிறதா, அதன் கிளிப் தளர்ந்திருக்கிறதா. குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள், நேராக இருக்கும்போது தெரியாத விரிசல் வளைத்தால் வாயைத் திறக்கும். வெகுநாள் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலி கடித்த தடமும் குளவிக் கூடும் இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

ஸ்பாஞ்சைக் கழுவி ஆயில் போடுவது

பெட்ரோலில் கழுவக்கூடாது. ஸ்பாஞ்சையும் ஒட்டுப் பசையையும் அது கரைக்கும், தீ ஆபத்து தனி. மண்ணெண்ணெய் கிடைத்தால் அதில் அலசலாம், கிடைக்காவிட்டால் டீசல். அலசும்போது முறுக்கிப் பிழியாமல், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். முறுக்கினால் ஒட்டு விடும். பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு, தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று தடவை மாற்றி அலசுங்கள்.

நிழலில் முழுதாகக் காய வேண்டும். வெயிலில் போட்டால் நாளடைவில் நொறுங்கும். ஈரம் இருக்கும்போதே ஆயில் விட்டால் அது பரவாது. ஆயில் இல்லாத இடம் வழியாகத் தூசி போகும். அவசரமாக வண்டி வேண்டும் என்பவர்கள் இந்த வேலையை முதல் நாள் இரவிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

காய்ந்த ஸ்பாஞ்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இழுத்துப் பாருங்கள். துளை, கிழிசல், கையில் உதிரும் பொடி, இதில் எது இருந்தாலும் புதியது வாங்க வேண்டும்.

ஆயில்: ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கென்றே விற்கும் ஆயில் சிறந்தது, ஏனெனில் அது பிசுபிசுவென்று அதே இடத்தில் நிற்கும். அது இல்லாவிட்டால் கையேடு அனுமதிக்கும் கியர் ஆயில் அல்லது இன்ஜின் ஆயில். உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சுக்கு 15 முதல் 20 மி.லி. தாராளம். ஒரு பாலித்தீன் பைக்குள் ஸ்பாஞ்சைப் போட்டு, ஆயிலை விட்டு, வெளியிலிருந்து பிசையுங்கள். நிறம் ஒரே சீராக வரும் வரை பிசைந்த பிறகு, அழுத்தி மிச்ச ஆயிலை வெளியேற்றுங்கள். கையில் எடுத்தால் பிசுக்கு ஒட்ட வேண்டும், சொட்டக்கூடாது. ஆயில் அதிகமானால் அதுவே அடைப்பாகி வண்டி திணறும். ஆயிலே போடாத ஸ்பாஞ்ச் பெரிய குப்பையைத் தடுக்கும், பொடித் தூசியை அப்படியே விட்டுவிடும். கழுவி, காயவைத்து, ஆயில் போடாமலே மாட்டிவிடுவதுதான் இந்த வகையில் அதிகம் நடக்கும் தவறு.

பேப்பர் ஃபில்டருக்கு ஏர் அடிப்பது

காய்ந்த பேப்பர் வகைக்கு மட்டும்தான் இது. முதலில் விளிம்பைத் தரையில் லேசாகத் தட்டி உதிர வேண்டியதை உதிரவிடுங்கள். ஏர் அடிக்கும் திசை முக்கியம்: சுத்தப் பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கம் நோக்கி, அதாவது வண்டியில் காற்று போகும் திசைக்கு எதிராக. தலைகீழாக அடித்தால் தூசி பேப்பருக்குள் இன்னும் ஆழமாகப் போகும். அழுத்தம் 30 பிஎஸ்ஐ போதும், முனை ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் அழுத்தம் 100 பிஎஸ்ஐ-க்கு மேலும் இருக்கும். அந்தக் குழாயைப் பக்கத்தில் வைத்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், ஃபில்டர் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

அடித்து முடித்ததும் இருட்டான இடத்தில் டார்ச்சை உள்பக்கம் வைத்துப் பாருங்கள். மங்கலான வெளிச்சம் சீராகக் கசிந்தால் நல்லது. ஊசி முனை போல ஒரு புள்ளி மட்டும் பளீரென்று தெரிந்தால் அது துளை, ஃபில்டரை மாற்றுங்கள். வெளிச்சமே வராவிட்டாலும் மாற்றுங்கள். இரண்டு மூன்று முறை ஏர் அடித்த பேப்பர் ஃபில்டரை அதற்கு மேல் நம்ப வேண்டாம். பெரும்பாலான பைக்குகளுக்குப் புதியதன் விலை சில நூறு ரூபாய்தான்.

மாட்டும்போது

பெட்டியைத் துடைத்து, துவாரத்தை அடைத்த துணியை மறக்காமல் எடுங்கள். ஃபில்டரின் ரப்பர் விளிம்பில் விரலால் மெல்லிசாகக் கிரீஸ் தடவினால் இறுக்கமாக உட்காரும். தூசி நிறைந்த சாலைகளில் இது நல்ல பலன் தரும். ஃபில்டரைக் காடிக்குள் வைத்து நான்கு பக்கமும் விரலால் அழுத்திப் பாருங்கள், எங்கும் ஆடக்கூடாது. எல்லா ஸ்க்ரூவையும் முதலில் கையால் பிடிக்கவிட்டு, பிறகு எதிரெதிராக முறுக்குங்கள். பிளாஸ்டிக் மரை என்பதால் மணிக்கட்டு அளவு இறுக்கம் போதும்.

பெட்டிக்கு அடியில் தொங்கும் வடிகுழாயையும் இதே கையோடு பாருங்கள். முனையில் ஒரு அடைப்பான் இருக்கும். அதை எடுத்துத் தேங்கிய நீரையும் ஆயிலையும் வடித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நிறைய ஆயில் வந்தால் இன்ஜினில் ஆயில் அளவைச் சோதிக்க வேண்டும். ஆயில் மாற்றும்போது 900 மி.லி. மட்டுமே கேட்கும் 100 சிசி வண்டிகளுக்கும் ஒரு லிட்டர் பாட்டிலை முழுக்கக் கவிழ்ப்பது வழக்கமாக இருக்கிறது. மிகுந்த ஆயில் பிரீதர் வழியாக ஏர் பாக்ஸுக்கு வந்து ஃபில்டரை நனைத்துவிடும். அளவு சரியாக இருந்தும் ஆயில் வந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம்.

குறை ஃபில்டரில்தானா

பிக்கப் குறைந்ததும் ஃபில்டரைச் சந்தேகிப்பது இயல்புதான், ஆனால் முதலில் எளியவற்றைப் பாருங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுற்றுங்கள். தடையாகச் சுற்றினால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. முறுக்கும்போது இன்ஜின் வேகமாகச் சுற்றியும் வண்டியின் வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. டயரில் காற்று, சோக் முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்பவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

அடுத்து பிளக். கார்புரேட்டர் வண்டியை நான்கைந்து கிலோமீட்டர் சீராக ஓட்டி, நிறுத்தி, ஆறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். நுனி பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் ரிச். ஃபில்டர், சோக், கார்புரேட்டர் மூன்றையும் பார்க்க வேண்டும். ஆயில் பிசுக்கோடு ஈரமான கறுப்பு என்றால் ஆயில் எரிகிறது, ஃபில்டரை மாற்றி அது நிற்காது. ஊட்டிக்குப் போய் வந்த கார்புரேட்டர் வண்டியின் பிளக் கறுத்திருந்தால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அங்கே எந்தக் கார்புரேட்டரும் ரிச்சாகத்தான் ஓடும்.

ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் பிக்கப் கூடுகிறது என்று சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். பிக்கப் கூடுவதாகத் தெரிந்தால் அந்த ஃபில்டர் அடைபட்டிருந்தது என்று அர்த்தம், மாற்றினாலே போதும். கழற்றி ஓட்டினால் கார்புரேட்டர் வண்டியில் காற்று மிகுந்து கலவை 'லீன்' ஆகும், இன்ஜின் சூடேறும், தூசியும் தடையின்றிப் போகும். காற்றை அதிகம் விடும் ஃப்ரீ ஃப்ளோ ஃபில்டர் மாட்டுபவர்கள் மெயின் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருப்பது இதனால்தான்.

எத்தனை கிலோமீட்டருக்கு

கையேட்டில் உள்ள கணக்கு சாதாரணச் சாலைக்கானது. கல்குவாரி, கிரஷர், செங்கல் சூளை பக்கம் தினமும் போகிறவர்கள், தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுச் செம்மணலில் ஓட்டுபவர்கள், எம்-சாண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே போக நேர்பவர்கள் அதைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். திருப்பூர் போன்ற மில் ஊர்களில் மண்ணைவிடப் பஞ்சுத் தூசி அதிகம். அது ஃபில்டரின் முகத்திலேயே போர்வை போலப் படியும், இன்ஜினை அவ்வளவாகத் தேய்க்காது, ஆனால் மூச்சை சீக்கிரம் அடைக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சாதாரண ஓட்டத்தில் 3,000 முதல் 4,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை கழுவினால் சரியாக இருக்கும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஏர் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்து திறப்பவர் யாராக இருந்தாலும் அது கண்ணில் படும்.

புதியது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் அருகருகே வையுங்கள். மடிப்புகளின் எண்ணிக்கை, ஆழம், ரப்பரின் மென்மை, பசை இடைவெளியின்றி ஓடியிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். போலிகளில் மடிப்பு குறைவாகவும் ரப்பர் விறைப்பாகவும் இருக்கும், மூடியைப் போட்டாலும் விளிம்பு படியாது.

வெள்ளத்தில் மாட்டிய வண்டி

தண்ணீர் ஏர் பாக்ஸ் உயரம் வரை வந்திருந்தால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்க, இன்ஜின் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் வடிகுழாயைத் திறந்து தண்ணீரை விடுங்கள், பெட்டியைத் துடையுங்கள். பேப்பர் வகை நனைந்திருந்தால் காயவைத்துப் போட வேண்டாம். காய்ந்த பேப்பர் ஊதி, மடிப்பு விரிந்து நிற்கும். பிறகு சாவியை அணைத்த நிலையிலேயே பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாகப் பல முறை மிதியுங்கள். தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாக வெளியே வரும். கிக்கர் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போவதே சரி. அடுத்து ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். புதிய ஆயிலோடு பத்து நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு, அணைத்து, மறுபடி பாருங்கள். அப்போதும் வெளுத்திருந்தால் அந்த ஆயிலையும் வடித்து இன்னொரு முறை மாற்றிய பிறகே வண்டியை ரோட்டுக்கு எடுங்கள்.